சொல்லுக்குப் பொருள் சொல்பவர் யார்?

சாரல் காலத்தில் குற்றாலத்து அருவிக் கரையில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். அருகிலுள்ள செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தைச் சேர்ந்திருந்தது. எனவே இங்கே இரு மொழிகளும் அண்டை வீட்டார். அண்டை வீட்டாரிடையேதான் பிணக்கும் எளிதில் எழுகிறது.

'பாண்டி' என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். 15-ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய கோயிலின் நிழலில் வாழும் தென்காசியாருக்கு அது அரச மரபின் பெயர். மலைக்கு அப்பால் சிலர் வாயிலோ அது தமிழரை இகழும் சொல். சென்னையின் எஃப்.சி. அணியும் கேரளா பிளாஸ்டர்ஸ் அணியும் மோதும் நாளில், இரு தரப்பு இளைஞரும் இச்சொல் பற்றி வழக்காடக் கேட்டிருக்கிறோம். "உங்கள் அரசரின் பெயர்தானே, இதில் என்ன இழிவு?" என்றான் ஒருவன். "நீ அரசரை நினைத்தா சொன்னாய்?" என்றான் மற்றவன். முந்தியவன் விடை கூறவில்லை.

இதே வழக்கு உலக அரங்கிலும் நடந்தது. 2011 அக்டோபர் 15 அன்று லிவர்பூல் அணியின் உருகுவே வீரர் லூயிஸ் சுவாரெஸ், மான்செஸ்டர் யுனைடெட் அணியின் பாட்ரிஸ் எவ்ராவைக் கறுப்பர் எனப் பொருள்படும் ஸ்பானியச் சொல்லால் விளித்தார். தம் நாட்டில் அது நட்பாகவும் வழங்கும் சொல் என்று வாதிட்டார். மொழியறிஞர்களும் அதனை மறுக்கவில்லை. ஆனால் சூழலே பொருளைத் தீர்மானிக்கும் என்றனர். சச்சரவின் நடுவே சொன்னது நட்பாகாது என்று கொண்ட இங்கிலாந்துக் கால்பந்துக் கழகம், எட்டு ஆட்டங்களுக்குத் தடையும் 40,000 பவுன் அபராதமும் விதித்தது.

2020-இல் அதே நாட்டவரான எடின்சன் கவானி, தம்மை வாழ்த்திய நண்பருக்கு அச்சொல்லின் செல்ல வடிவத்தால் நன்றி கூறினார். அவருக்கும் மூன்று ஆட்டத் தடை கிடைத்தது. உருகுவே மொழிக் கழகம் அதனைக் கண்டித்தது. நம் வீடுகளில் பிள்ளையைக் 'கருப்பா' என்று கொஞ்சும் தாயை அறிந்த நமக்கு, அக்கண்டனத்தின் நியாயம் விளங்கும். சொல் ஒன்றே, நெஞ்சம் வேறு, கேட்பவர் வேறு.

மத்தேயு நற்செய்தி 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் 'ராக்கா' என்னும் வசைச்சொல்லைக் குறிப்பிடுகிறார். அரமேயத்தில் அது 'வெறுமையானவன்' என்பது போன்ற சொல். நற்செய்தியாளர் அதனைக் கிரேக்கத்தில் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டார். அறிஞர்கள் அதன் பொருளை ஆராயட்டும். ஆண்டவரோ அச்சொல்லுக்கு முன்பாகச் சினத்தை வைக்கிறார். சகோதரனைச் சிறுமைப்படுத்த எழும் உள்ளமே முதலில் தீர்ப்புக்கு உரியது. சொல் அதன் பின் வருவது.

ஆகவே அகராதியைக் கேடயமாக ஏந்துபவன் தன் மனச்சான்றிடம் இரண்டு கேள்விகள் கேட்கக் கடமைப்பட்டவன். எதை நினைத்துச் சொன்னேன்? கேட்டவர் முகம் வாடியபின்பும் ஏன் சொல்கிறேன்?

மலைக்கு அப்பாலுள்ளோரை மட்டும் நோக்கி இக்கேள்விகளை எழுப்பினால் போதாது, அன்பர்களே. நம் ஊர்க் கட்டடங்களில் கல் சுமக்கும் பீகார் இளைஞனை 'வடக்கன்' என்று நாமும் ஏளனம் செய்கிறோம். 'வடக்கிலிருந்து வந்தவன் என்பதுதானே பொருள்?' என்று விளக்கமும் தருகிறோம். பாண்டி என்றவன் சொன்ன விளக்கமும் இதுவே. அந்த இளைஞனுக்குத் தாய் இட்ட பெயர் ஒன்று உண்டு. வரும் ஞாயிறன்று அதனைக் கேட்டறிந்து, அப்பெயரால் அவனை அழைப்போம்.