சீர்ப்பட்டியல்

எங்கள் ஊரில் பிறக்காத பிள்ளைக்கு ஒரு துணிகூட வாங்க மாட்டார்கள். வாங்கி வைத்தால் தங்காது என்பது நம்பிக்கை. வளைகாப்பில் கர்ப்பிணியின் கை நிறைய வளையல் ஏறும், ஏழு வகைச் சோறு வரும்; பிள்ளைக்கென்று எதுவும் வராது. அதனால் பட்டியலே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பட்டியல் உண்டு, யாரும் அதை எழுதுவதில்லை, அவ்வளவுதான். மாமியார் வீட்டுத் திண்ணையில் யாராவது ஒரு பெரியம்மா உட்கார்ந்து, "அவுக மக பிள்ளைக்கு என்னென்ன செஞ்சாக தெரியுமா" என்று ஊரில் வேறொரு வீட்டைப் பற்றிப் பேச்சை எடுப்பார். உள்ளறையில் ஒருக்களித்துப் படுத்திருக்கும் கர்ப்பிணி அதை மனப்பாடம் செய்துகொண்டு போய்த் தன் தாய்வீட்டில் ஒப்பிக்க வேண்டும்.

நான் ஒப்பித்தது 2008 இல். வெள்ளிக் கொலுசு, தண்டை, காப்பு, அரைஞாண் கொடி, வெள்ளிக் கிண்ணம், டம்ளர், பாலாடை, கிலுகிலுப்பை. மரத்தொட்டில் ஒன்று. தங்கத்தில் ஒரு மோதிரமும் சின்னச் சங்கிலியும். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவர். நான் சொல்லச் சொல்ல ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் குறித்துக்கொண்டார், எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மாவின் நாலு பவுன் சங்கிலி அடகுக்கடைக்குப் போயிற்று. ஐந்தாம் மாதம் நானும் மகளும் வாடிப்பட்டியிலிருந்து அலங்காநல்லூர்ப் பக்கமுள்ள என் கணவர் ஊருக்கு வேனில் கிளம்பினோம். தெருமுனையில் இறங்கிச் சீர்த்தட்டுகளைத் தூக்கிக்கொண்டபோது முன்னால் வாடிப்பட்டி மேளம் அடித்துக்கொண்டு போனது. எங்கள் ஊர் மேளத்துக்கு இந்த வட்டாரம் முழுக்கப் பேர் உண்டு. அன்று பிள்ளை அந்தச் சத்தத்தில் வீறிட்டு அழுததுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

அந்தத் தட்டுகளில் இருந்தவை எவ்வளவு காலம் உழைத்தன என்று ஒரு தாய் கணக்குப் போட்டால் இப்படித்தான் வரும். காப்பு ஆறு மாதம். தண்டையைப் போட்டு ஒரு வாரத்தில் கால் சிவந்துவிட்டது, கழற்றினோம். கொலுசு எட்டு மாதம், அதிலும் திருகாணி தொலைந்து நூல் கட்டிய காலம் பாதி. மரத்தொட்டிலில் மகள் ஒருநாள்கூடத் தூங்கவில்லை. மடித்த போர்வைகளை வைத்துக்கொள்ள அது பல வருடம் பயன்பட்டது. வெள்ளிக் கிலுகிலுப்பை சத்தமே போடாது. பாலாடை மட்டும் உண்மையாகவே வேலை செய்தது. தாய்ப்பாலைப் பீய்ச்சிக் கொடுக்க, மருந்து புகட்ட, பிறகு பருப்புத் தண்ணி கொடுக்க என்று ஒரு வருடம் ஓடியது. மூக்கு நீண்ட அந்தச் சின்னக் கிண்ணத்தை இன்று பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில், உறிஞ்சத் தெம்பில்லாத பிள்ளைகளுக்குப் பால் புகட்ட மருத்துவர்களே எடுத்துக் கொடுக்கிறார்கள். பால் புட்டியை விளம்பரம் செய்வதை 1992 இல் இந்தியாவில் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். எவர்சில்வரில் ஒரு பாலாடை வாங்கினால் அதே வேலையைச் செய்யும், கொதிக்க வைக்கவும் சுலபம். வெள்ளிதான் வேண்டும் என்று பிள்ளை கேட்பதில்லை.

எதையும் வாங்காமலே வந்தது அம்மாவின் பழைய சுங்குடிச் சேலை. மற்ற ஊர்களில் தூளி, ஏணை என்பார்கள்; எங்களுக்குத் தொட்டில். உத்தரக் கம்பியில் சேலையைப் போட்டு, உள்ளே அகலக் கம்பு கொடுத்து, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு அம்மாதான் முதலில் ஒரு உரல்குழவியை வைத்து ஆட்டினாள். பாரம் தாங்குமா என்று பார்க்க என்றாள். அது சடங்கா சோதனையா என்று எனக்கு இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியாது. கம்பு இல்லாமல் கட்டக் கூடாது, பிள்ளை தானாக எழுந்து உட்காரத் தொடங்கியதும் தொட்டிலில் தனியே விடக் கூடாது என்ற இரண்டையும் அவள் கண்டிப்பாகச் சொன்னாள். தொட்டில் காலம் முடிந்ததும் அதே சேலை மெத்தைவிரிப்பு ஆயிற்று, அப்புறம் இரண்டாக் கிழித்துத் தலைதுவட்டும் துணி. பிள்ளைக்கு மூன்று வயதில் அந்தத் துண்டின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டுதான் தூக்கம் வரும்.

இன்னொன்று நடைவண்டி. ஊரிலேயே ஆசாரியிடம் சொல்லி முந்நூற்றைம்பது ரூபாய்க்கு அப்பா செய்து வாங்கியது, பட்டியலில் இல்லாதது. மூன்று சக்கரம், ஒரு குறுக்குக் கட்டை. பிள்ளையை உள்ளே உட்கார வைத்துத் தள்ளிவிடும் பிளாஸ்டிக் வண்டியைப் பலரும் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அந்த வண்டியைக் கனடாவில் 2004 இல் விற்கவே தடை செய்துவிட்டார்கள். படியில் உருண்டு விழுந்த பிள்ளைகள் அத்தனை பேர். நடைவண்டியில் பிள்ளை தன் காலில் நிற்க வேண்டும், தள்ள வேண்டும். நடை பழகிய பிறகு என் மகள் அதில் கயிறு கட்டி, மேலே ஒரு சொம்பை வைத்துத் தண்ணீர் வண்டி ஆக்கினாள். குறுந்தொகையின் 61 ஆம் பாட்டில், தச்சன் செய்த சின்ன வண்டியில் ஏறிப் போகாமல், கையால் இழுத்து மகிழும் பிள்ளைகள் வருகிறார்கள். பட்டினப்பாலையில் குதிரை பூட்டாத சிறுதேருக்கும் கால் மூன்றுதான்.

அந்தச் சமயம் நான் பிள்ளைத்தமிழ் இலக்கியத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தேன். இடுப்பில் பிள்ளை, மேசையில் பிள்ளைத்தமிழ் என்று தோழிகள் கேலி செய்வார்கள். பாட்டியல் நூல்களில் ஒரு கணக்கு, மூன்றாம் மாதத்தில் காப்புப் பருவம் தொடங்கி ஒற்றைப்படை மாதங்களாக ஏறி இருபத்தோராம் மாதத்தில் முடியும். அதாவது, கைக்குழந்தையிலிருந்து ஓடியாடும் பிள்ளை வரைக்கும். முதல் ஏழு பருவம் இருபாலாருக்கும் பொது. கடைசி மூன்றில்தான் பிரிகிறது. ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். நம் மதுரை மீனாட்சிக்குப் பதினேழாம் நூற்றாண்டில் குமரகுருபரர் பாடியதில் அம்மானை, நீராடல், ஊசல். நடக்கத் தெரிந்த அன்றே பையனுக்குப் பறையும் தேரும் கிடைத்துவிடுகின்றன. பெண்ணுக்குக் கிடைக்கும் ஊசல் எவ்வளவு வீசி ஆடினாலும் கட்டிய இடத்துக்கே திரும்பி வரும். சிற்றில் என்பது சிறுமிகள் கட்டும் மணல்வீடு. அந்தப் பருவத்தில் அதை உதைத்து அழிக்காதே என்று அவனைக் கெஞ்ச வேண்டும். அவளுடைய விளையாட்டுப் பொருள் அவனுடைய பருவமாகிவிடுகிறது. இதை ஆய்வேட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். வாய்மொழித் தேர்வில், இதெல்லாம் இலக்கியமா என்று ஒருவர் கேட்டார்.

ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து, கட்டம் போட்டு, கட்டணம் கட்டிச் சமர்ப்பிக்கப் பணம் இல்லை. மகளுக்கு இரண்டு வயது. கொலுசு, காப்பு, கிண்ணம், டம்ளர் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போனேன். "வெள்ளி உழைக்கும்டி" என்று அம்மா சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. என் பெயருக்கு முன்னால் உள்ள முனைவர் என்ற சொல்லில் என் மகள் கழற்றிப் போட்ட கொலுசு இருக்கிறது. ஆனால், அந்தக் கொலுசை வாங்க வைத்த அம்மாவின் சங்கிலி வட்டி ஏறி ஏறி அதே வருடம் மூழ்கிப்போனது. ஏலத்துக்கு வந்த அறிவிப்பை அப்பா யாரிடமும் காட்டவில்லை. எந்தப் பொருள் யாருக்குப் பயன்பட்டது என்று எப்போது எழுதப் புகுந்தாலும் என் கை இந்த இடத்தில் வந்து நின்றுவிடும்.

சென்ற ஆண்டு டல்லாஸில் இருக்கும் என் அக்கா மகள் ஒரு பட்டியலை அனுப்பி, "சித்தி, இதுல எதெல்லாம் ரெண்டு மூணு வயசு வரைக்கும் உழைக்கும், பார்த்துச் சொல்லுங்க" என்றாள். அங்கே குழந்தை பெறப்போகிறவளே வேண்டியவற்றைக் குறித்து வைப்பாளாம். நண்பர்களும் உறவினர்களும் ஆளுக்கொன்றாக வாங்கிக் கொடுப்பார்களாம். நாற்பத்து மூன்று பொருள். துடைக்கும் துணியைச் சூடுபண்ண ஒரு இயந்திரம்கூட இருந்தது. கேலி செய்யத்தான் உட்கார்ந்தேன், முடியவில்லை. பட்டியலை எழுதியவள் வயிற்றில் பிள்ளையோடு இருப்பவள். யாருடைய கௌரவத்துக்கு எது என்று திண்ணையில் தீர்மானமாகவில்லை. அவளுடைய அப்பா எதையும் அடகு வைக்கவில்லை.

அவளுக்கு எழுதினேன். பக்கச்சட்டத்தைக் கழற்றினால் சின்னக் கட்டிலாகும் தொட்டில் வாங்கு. அங்குள்ள மருத்துவர்கள் தட்டையான கெட்டி மெத்தைதான் என்கிறார்கள், அதைக் கேள், சேலை கட்டாதே. கால்பலகையை ஏற்றி இறக்கி வைக்கும் சாப்பாட்டு நாற்காலி பள்ளிக்கூடம் போகும்வரை வரும். குளிப்பாட்டும் தொட்டி நாலு மாதம், அதற்கு மேல் பிள்ளை அதில் அடங்காது. ஒரு மணைப்பலகை இருந்தால் நல்லது. இன்று நீ அதில் உட்கார்ந்து காலில் போட்டுக் குளிப்பாட்டலாம், நாளை அவன் அதில் ஏறிக் கை கழுவுவான். மெல்லிய பருத்தித் துணிகள் இருபது. சூடுபண்ணும் இயந்திரம் வேண்டாம்.

பிள்ளைக்குப் பெட்டி கொடுக்கும் வழக்கத்தைப் பின்லாந்து அரசு 1938 இல் ஏழைத் தாய்மார்களுக்கென்று தொடங்கி 1949 இல் எல்லாருக்கும் ஆக்கியது. காலாகாலத்தில் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. பெட்டியே பிள்ளைக்குப் படுக்கையாகவும் ஆகும். நம் மாநிலத்துக்கு அது 2015 இல் வந்தது. அரசு மருத்துவமனையில் பெற்றவர்களுக்கு ஆயிரம் ரூபாய் பெறுமான பரிசுப் பெட்டகம், பதினாறு பொருள். இந்த மாவட்டத்துக்காரிக்கு இது சின்ன விஷயம் இல்லை. உசிலம்பட்டிப் பக்கம் பெண்சிசுக்கள் என்ன ஆகின்றன என்று 1986 இல் பத்திரிகைகளில் வந்தபோது நான் சிறுமி. அந்தப் பேச்சைப் பெரியவர்கள் எங்களைப் பார்த்ததும் நிறுத்துவார்கள். 1992 இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001 இல் மதுரைக்கும் வந்தது. அரசாங்கத் தொட்டில் என்றால் வேண்டாத பிள்ளையை விட்டுப்போகும் இடம் என்றே எங்களுக்குப் பழகியிருந்தது.

தம்பி மனைவி 2017 இல் வாடிப்பட்டி அரசு மருத்துவமனையில் பிரசவித்தபோது அந்தப் பெட்டகத்தைப் பிரித்து எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிப் பார்த்தோம். துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி. அதில் மூன்று பொருள் பெற்றவளுக்கு: கை கழுவும் திரவம், குளிக்க ஒரு சோப்பு, சௌபாக்ய சுண்டி லேகியம். என் சீர்த்தட்டுகளில் எனக்கென்று எதுவும் இருந்ததா என்று அப்போதுதான் யோசித்தேன். கொசுவலை இரண்டு வருடம் தாங்கியது. நகவெட்டி இன்னும் இருக்கிறது. சோப்பு டப்பாவில் தம்பி மகன் ரப்பரும் துருவியும் வைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனான். பையைத் தோளில் மாட்டிக்கொண்டுதான் பால்வாடிக்குப் போனான்.

அந்தப் பிரசவத்துக்குப் பின் சம்பந்தி வீட்டார் சீர் பற்றிப் பேச வந்தார்கள். அம்மா முற்றத்திலேயே சொல்லிவிட்டாள்: "வெள்ளி ஒண்ணும் வேணாம் சம்பந்தி. நடைவண்டி எங்ககிட்ட கெடக்கு. ஒரு தொட்டில் கம்பு வாங்கிக் குடுங்க, போதும்." வேண்டாம் என்றால் குறை என்று பொருளாகும் என அவர்கள் பயந்தார்கள், இரண்டு தடவை திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஊரில், அந்த வீட்டுக்குச் சீர் வாங்கத் துப்பில்லை என்று கொஞ்ச நாள் பேச்சு ஓடியது. அம்மா கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும்தான் இருந்தது, அதைத் தடவிக்கொண்டு, "பேசட்டும்" என்றாள்.

பெட்டகத்துக்குள் வைக்க முடியாத பொருள் ஒன்று உண்டு. நான் முதல் பிள்ளை பெற்றபோது வேலை பார்த்த தனியார் கல்லூரியில் மூன்று மாதம் சம்பளமில்லாமல் இருந்துகொள்ளச் சொன்னார்கள், அதையே சலுகை என்றார்கள். அரசு ஊழியர்களுக்கு 2016 இல் ஒன்பது மாதம், 2021 இல் பன்னிரண்டு மாதம் என்று விடுப்பு வளர்ந்தது. 2017 இல் திருத்திய மகப்பேறு பயன் சட்டம் இருபத்தாறு வாரம் கொடுத்தது. ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம் என்றும் சொன்னது. அந்த அறைதான் பிள்ளை நடக்கும் வயது வரை, அதற்குப் பிறகும் உழைக்கக்கூடியது. இன்று நான் பாடம் நடத்தும் இடத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருக்கிறோம். இளம் ஆசிரியை ஒருத்தி மதிய இடைவேளையில் கழிப்பறையில் நின்று பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு வகுப்புக்குப் போகிறாள். காப்பகம் கேட்டு நாங்கள் ஏழு பேர் கையெழுத்துப் போட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறோம்.

தம்பி மனைவிக்கு இப்போது இரண்டாவது. இந்தத் தடவை எங்கள் வீட்டில்தான் பிரசவம். அம்மாவுக்கு முழங்கால் மடங்குவதில்லை, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்ட முடியாது. என்ன வேண்டும், நீயே எழுதிக் கொடு என்று நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்தேன். பழைய நைட்டி நாலு, வெந்நீர்ப் பானை ஒன்று, பெரியவனைக் காலையில் பள்ளியில் கொண்டுபோய் விட ஆள் என்று எழுதியிருந்தாள். கடைசி வரியில், "மதினி, ஒரு மாசம் வந்து இருங்க." நாள் சொல்லியிருப்பது ஏப்ரல் கடைசியில். எனக்கு அப்போது விடைத்தாள் திருத்தும் பணி. மாற்றித் தரச் சொல்லித் துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.