காத்திருந்த நேரத்தின் கணக்கு

"டேட்டாபேஸ் வேலைன்னா என்ன சார் பண்ணுவீங்க?" என்று ஓய்வு பெற்ற பிறகும் கேட்கிறார்கள். யார் எதற்காகக் காத்துக் கிடக்கிறார்கள் என்று பார்ப்பதுதான் என் வேலை என்பேன்.

நம் வயதுக்காரர்களுக்கு ஆஸ்பத்திரி உதாரணம் போதும். போய் வர 3 மணி நேரம் ஆகிறது. டாக்டர் பார்த்தது 5 நிமிடம். மீதி நேரம் டோக்கனுக்கும், ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டுக்கும், மருந்துக்கடை வரிசைக்கும் போனது. ரிப்போர்ட்டுக்காக ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம் என்றால், இன்னொரு டாக்டரைப் போட்டு என்ன பயன்?

ஆரக்கிள் டேட்டாபேஸ் 1992ல் வந்த 7ஆம் பதிப்பிலிருந்தே இந்தக் கணக்கை எழுதி வைக்கிறது. உள்ளே நுழையும் ஒவ்வொரு இணைப்பும் ஒரு செஷன். அது எதற்காக, எத்தனை முறை, எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகும்.

2006ல் ஒரு வங்கிக்காக வேலை பார்த்தேன். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வராத காலம்; அது 2007 நவம்பரில்தான் வந்தது. ராத்திரி 10 மணிக்கு விஜயநகரிலிருந்து ஸ்கூட்டரில் கிளம்புவேன். மாதக் கடைசியில் வட்டி, பென்ஷன் என்று 18 லட்சம் வரவுகளைப் பதியும் பேட்ச் புரோகிராம் ஒன்று ஐந்தரை மணி நேரம் தின்றது. பின்னால் வரிசையில் நின்ற வேலைகளும் தள்ளிப் போய், கிளை திறக்கிற நேரத்துக்குக் கணக்கு தயாராகவில்லை. வாசலில் பென்ஷன் வாங்க வந்த பெரியவர்கள் நின்றார்கள்.

மொத்த டேட்டாபேஸின் பட்டியலில் டிஸ்க்கிலிருந்து படிக்கும் காத்திருப்புதான் முதலிடம். "புது டிஸ்க் வாங்கிடலாம் சார்" என்றார் உடன் இருந்த இளைஞர். விலை லட்சக் கணக்கில்.

"தம்பி, அது டேட்டாபேஸை ஏற்றிய நாளிலிருந்து எல்லாரும் காத்திருந்த மொத்தக் கணக்கு. பகலில் ஓடின ரிப்போர்ட்டெல்லாம் அதில் இருக்கு. நமக்கு இந்த ஒரு நோயாளியின் கணக்குதான் வேணும்" என்றேன்.

செஷன் முடிந்தால் அதன் கணக்கும் மறைந்துவிடும். அதனால் அது ஓடும்போதே கூட உட்கார்ந்து குறித்தோம். கணக்குப் போட்ட நேரம் சுமார் 1 மணி. டிஸ்க்கில் படித்தது அரை மணி. மீதி 4 மணி நேரமும் 'லாக் ஃபைல் சிங்க்' என்ற ஒரே காத்திருப்பு.

பழைய பேரேட்டு முறையில் சொன்னால், குமாஸ்தா ஒவ்வொரு பதிவுக்கும் எழுந்து போய் மேனேஜரிடம் கையெழுத்து வாங்கி வந்தார். 'கமிட்' என்பது அந்தக் கையெழுத்து. மின்சாரம் போனாலும் பதிவு அழியாதபடி, லாக் டிஸ்க்கில் ஏறும்வரை செஷன் நிற்க வேண்டும். ஒரு முறைக்கு 8 மில்லி செகண்ட்தான். 18 லட்சத்தால் பெருக்கினால் 14,400 விநாடி, அதாவது சரியாக 4 மணி நேரம்!

1,000 பதிவுக்கு ஒரு கமிட் என்று மாற்றினால் 1,800 கையெழுத்து போதும். ஒவ்வொன்றும் 20 மில்லி செகண்ட் எடுத்தாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். ஆனால் பாதியில் நின்றால் எந்தக் கணக்கிலிருந்து தொடர்வது? இல்லாவிட்டால் ஒருவருக்கே இரண்டு முறை வரவு ஏறிவிடும். அதற்காகக் கடைசியாக முடித்த கணக்கு எண்ணையும் அதே கமிட்டில் குறித்து வைக்கும்படி புரோகிராமை மாற்றச் சொன்னோம். கமிட்டை மாற்றியது ஒரு நாள் வேலை. இந்தப் பாதுகாப்பைச் சோதிக்க இரண்டு வாரம் பிடித்தது.

அடுத்த மாதக் கடைசியில் அந்தப் புரோகிராம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. புது டிஸ்க் வாங்கவில்லை. காலையில் கிளைகள் நேரத்துக்குத் திறந்தன. பெரியவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு வெயில் ஏறுமுன் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.