நிறுத்தத் தெரிந்த கை

எண்டோஸ்கோபி பழக வருகிற எல்லோருக்கும் ஸ்கோப்பை உள்ளே செலுத்துவதில்தான் ஆசை. குடல்நோய்ப் பிரிவில் டி.எம். படிக்கச் சேர்ந்த எனக்கும் அப்படித்தான். ஆசிட் குடித்து வருகிறவர்கள் விஷயத்தில் மட்டும் எங்கள் பேராசிரியர் பாடத்தைத் தலைகீழாக ஆரம்பித்தார். முதலில் அவர் சொல்லித் தந்தவை எல்லாம் செய்யக் கூடாதவை.

அரசு மருத்துவமனைக்கு அரளி விதையும் பூச்சிமருந்தும் புதிதல்ல. ‘எதையோ குடிச்சிட்டாங்க’ என்று ஆள் வந்தாலே, டியூப் போட்டு வயிற்றைக் கழுவக் கை தானாகப் போகும். வீட்டில் அதற்குள் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்திருப்பார்கள். அரிக்கிற திரவத்துக்கு இவை எதுவும் ஆகாது. வாந்தியாக மேலே வந்தால் வெந்த இடமே இன்னொரு முறை வேகும், மூச்சுக்குழாய்க்குள்ளும் இறங்கலாம். குருட்டாம்போக்கில் தள்ளும் டியூப், தளர்ந்த சுவரைக் குத்திவிடும். கரித்தூள் இதை உறிஞ்சாது. பிறகு நாம் பார்க்க வேண்டிய இடத்தைக் கறுப்பாக்கி வைப்பதுதான் மிச்சம். ஆசிட்டுக்குச் சோடா உப்பு, காரத்துக்கு எலுமிச்சை என்று பள்ளிக்கூட வேதியியலைக் கொண்டுவருகிறவர்களும் உண்டு. அந்த வினையில் கிளம்பும் சூட்டைப் புண்தான் தாங்க வேண்டும்.

சார் வாயைத் திறக்கச் சொல்லுமுன் பேசச் சொல்வார். “உங்க பேரென்னம்மா? எந்த ஊரு?” பதில் அவருக்கு முக்கியமில்லை, குரல்தான். குரல் கம்மியிருந்தாலோ, மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டாலோ, எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ, எங்கள் வேலை அப்புறம். மயக்க மருந்து டாக்டர் வந்து மூச்சுப்பாதையைப் பார்க்க வேண்டும்.

வாயை நம்பாதே என்பது அடுத்த பாடம். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த பாத்ரூம் ஆசிட்டைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்த சிறுவன் ஒருவன் வந்தான். “லேசாத்தான் சார் வாயில வச்சான், உடனே துப்பிட்டான்” என்றார் அம்மா. நாக்கு, உதடு எதிலும் ஒரு கொப்புளம் இல்லை. ஸ்கோப்பில் பார்த்தால் உணவுக்குழாயின் கீழ்ப்பாதி முழுக்க வெள்ளைச் சவ்வும் மேலோட்டமான புண்களும். சைக்கிளில் வைத்துத் தெருத்தெருவாக விற்கும் ஆசிட்டில் லேபிள் கிடையாது, என்ன செறிவு என்றும் தெரியாது. இருந்தாலும் பாட்டிலை எடுத்துவரச் சொல்வோம், ஆசிட்டா காஸ்டிக் சோடா போன்ற காரமா என்றாவது தெரிய வேண்டும். காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே ஆழத்துக்குப் போகும். ஆசிட் திசுவை உறையவைத்துப் பொருக்குக் கட்டும். பெரும்பாலும் இரைப்பையின் அடிவாசலில் தேங்கி அங்கே அதிகம் கெடுக்கும். ஆசிட் உணவுக்குழாயை விட்டுவிடும் என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். சண்டிகர் பி.ஜி.ஐ.யில் ஜர்கரும் சகாக்களும் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், ஆசிட் குடித்தவர்களில் பெரும்பாலோருக்கு உணவுக்குழாயும் வெந்திருந்தது.

1991-இல் அதே குழு தந்த தரவரிசையைத்தான் இன்றும் உலகமெங்கும் எழுதுகிறார்கள். வீக்கமும் சிவப்பும் மட்டும் என்றால் 1. மேலோட்டமான புண் 2ஏ. ஆழமான புண்ணோ சுற்றிவளைத்த புண்ணோ 2பி. அங்கங்கே செத்த திசு 3ஏ, பரவலாகச் செத்திருந்தால் 3பி. 2ஏ வரை பெரும்பாலும் தழும்பில்லாமல் ஆறும். 2பி-யிலிருந்து சுருக்கம் விழும் பயம். படிக்கும்போது எளிது, திரையில் கறுப்பாகத் தெரிவது கசிந்த ரத்தமா செத்த சுவரா என்று பிரிப்பது அவ்வளவு எளிதல்ல.

முதல் 24 மணி நேரத்துக்குள், தள்ளினால் 48-க்குள் பார்த்துவிட வேண்டும். ஐந்தாம் நாளிலிருந்து இரண்டு வாரம் வரை சுவர் மிகவும் நைந்திருக்கும் காலம், அப்போது ஸ்கோப்பைத் தொடக் கூடாது. காற்றை மிகக் குறைவாகத்தான் ஊதுவோம். 3பி தெரிந்தால் சார் ஒரே வார்த்தைதான் சொல்வார்: “இழு.” அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்கும் ஆவலை அடக்குவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கீழே இருப்பதை சி.டி. சொல்லும். சுவர் கான்ட்ராஸ்ட் மருந்தை ஏற்காமல் கிடந்தால் அந்தப் பகுதி செத்துவிட்டது. சர்ஜனைக் கூப்பிட வேண்டியதுதான்.

பெரியவர்களில் பலர் தவறுதலாகக் குடித்தவர்கள் அல்லர். கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு, நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டுக் கேட்கச் சொன்னார் சார். போலீஸ் கேஸ் ஆகுமோ என்ற பயம் பலரின் வாயை அடைக்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். இதைச் சொன்ன பிறகு சிலர் பேசியிருக்கிறார்கள். மனநல மருத்துவர் பார்க்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்புவதில்லை.

மூன்று வாரம் கழித்துத்தான் அடுத்த அத்தியாயம். சுருக்கத்தை அளக்க முதல் கருவி சாப்பாடு. சோறு இறங்குகிறதா, குழைத்தால்தான் இறங்குகிறதா, கஞ்சிதானா? “காலையில தின்ன இட்லி சாயங்காலம் அப்படியே வருது” என்று யாராவது சொன்னால் அடைப்பு உணவுக்குழாயில் இல்லை, இரைப்பையின் அடிவாசலில். ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வயிற்றைக் குலுக்கினால் பாதிக் குடத்துத் தண்ணீர் போலத் தளும்பும்.

உணவுக்குழாய்ச் சுருக்கத்தை விரிக்க முதலில் மெல்லிய கம்பியை இறக்கி, அதன்மேல் படிப்படியாகப் பருமன் கூடும் சாவரி டைலேட்டர்களைச் செலுத்துகிறோம். “முஷ்டியால பிடிக்காதம்மா, விரல் நுனிக்குத்தான் தெரியும்” என்பார் சார். தடை தட்டிய பிறகு ஒரே அமர்வில் மூன்று அளவுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆசிட் சுருக்கம் நீளமானது, கெட்டியானது, வேறு காரணத்தால் வரும் சுருக்கங்களைவிட எளிதில் கிழியும். அதனால் சார் பல நாள் இரண்டோடு நிறுத்திவிடுவார். “சார், இன்னொண்ணு போகும் போலிருக்கே?” என்பேன். “போகும். அடுத்த தடவை வரட்டும்.” முடிந்ததும் கழுத்தைத் தொட்டுப் பார்ப்போம், தோலுக்கடியில் நறநறவென்றால் காற்று கசிந்திருக்கிறது. 15 மில்லிமீட்டரை எட்டினால் ஓரளவு எல்லாமே சாப்பிடலாம். அதற்கு மாதக்கணக்கில் வரவேண்டியிருக்கும். பஸ் காசில்லாமல் நின்றுபோகிறவர்கள் உண்டு. அப்படி நின்றுபோனவர்கள் மறுபடி வரும்போது ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

சோறு இறங்கத் தொடங்கியதும் ஆட்கள் எங்களை மறந்துவிடுகிறார்கள். ஆனால் அந்தத் தழும்பில் பல பத்தாண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம். குடித்து 15, 20 ஆண்டு ஆனதிலிருந்து இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை ஸ்கோப் பார்க்க வேண்டும். அதை ஓ.பி. நோட்டின் முதல் பக்கத்தில், ஆண்டைக் கணக்குப் போட்டு, தமிழில் எழுத வைக்கிறார் சார். போன வாரம் அந்தச் சிறுவனின் நோட்டில் 2040 என்று எழுதினேன். “அதுக்குள்ள இவனுக்குக் கல்யாணமே ஆயிருக்குமே சார்” என்றார் அம்மா. நோட்டுக்கு பிளாஸ்டிக் உறை போட்டு ரேஷன் கார்டோடு வைக்கச் சொன்னேன்.