திருத்துவதற்கு முன் நாற்காலியை நகர்த்துங்கள்

டெல்லி ஜனக்புரியின் பிளாக் மார்க்கெட்டுகளில் உள்ள சின்ன போட்டோ ஸ்டூடியோக்களுக்குள் நின்று பார்த்தால் ஒன்று விளங்கும். அறைக்குள் எடுக்கும் படம் கம்ப்யூட்டரில் சரியாவதில்லை. நாற்காலி போடும் இடத்தில்தான் சரியாகிறது. அறை எவ்வளவு குறுகலானாலும் நாற்காலியை வெள்ளைத் திரையோடு ஒட்டிப் போடமாட்டார்கள். மூன்று நான்கு அடி முன்னே இழுத்துப் போட்டால் தலையின் நிழல் திரையில் பதியாமல் தரைக்கு இறங்கிவிடுகிறது. இடப்பக்கம் குடை மாட்டிய விளக்கு, வலப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டை. அட்டையை ஒரு சாண் உள்ளே தள்ளினால் கன்னத்து இருட்டு இளகுகிறது. வெளியே இழுத்தால் மூக்கின் ஓரம் எடுப்பாகத் தெரிகிறது. இந்த ஒரு சாணில்தான் இவர்களுடைய தொழில் இருக்கிறது.

இப்போது போனே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறதே என்று கேட்கலாம். நைட் மோடு பல படங்களை அடுக்கி ஒன்றாக்கிப் புள்ளிப்புள்ளியான இரைச்சலைக் குறைக்கிறது. அது பெரிய உதவிதான். ஆனால் உச்சந்தலைக்கு மேல் எரியும் எல்இடி கண்குழியில் போட்ட கருமையை அது இயல்பாக எடுத்துவிடாது. ஒரு கன்னத்தில் ஜன்னலின் நீலமும் மறு கன்னத்தில் பல்பின் மஞ்சளும் விழுந்தால், ஒயிட் பேலன்ஸ் ஒன்றைச் சரிசெய்யும்போதே மற்றது கெட்டுப்போகும். பல்பை அணைத்துவிட்டால் அந்தச் சிக்கலே இல்லை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய டியூப்லைட் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகிறது. ஷட்டரை 1/500க்கு ஏற்றினால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழக்கூடும். 1/50 அல்லது 1/100 வைத்தால் அது பெரும்பாலும் மறைந்துவிடும்.

டெல்லி வளர்ச்சி ஆணையம் (டிடிஏ) கட்டிய பிளாட்டில் நல்ல ஜன்னலுக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. பால்கனியை அடைத்து அறையாக்கிய வீடுகளில் பகலிலும் விளக்கெரிகிறது. அங்கே ஒரே விளக்கை மட்டும் எரியவிட்டு, அதன் முன்னால் சூடு படாத தூரத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினாலே வெளிச்சம் மிருதுவாகிவிடும். பிளாஷ் இருந்தால் அதை வெள்ளைக் கூரையை நோக்கித் திருப்பினால் போதும்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. வாடிக்கையாளரே சிவப்பாக்கித் தரச் சொல்கிறார், ஸ்டூடியோக்காரர் என்ன செய்வார் என்பார்கள். பிழைப்பு அவருடையது, அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனாலும் இந்தத் திருத்தத்தை நான் ஏற்கமாட்டேன். படத்தின் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் நிறுவனம் லேப்களுக்கு அனுப்பிய 'ஷெர்லி' அட்டைகளில் பல ஆண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் தோலே அளவுகோல். அந்தக் காலத்துக் கலர் பிலிமில் கறுத்த முகங்கள் விவரமில்லாமல் அமுங்கின. சாக்லேட், மரச்சாமான் விளம்பரக்காரர்களும் முறையிட்ட பிறகுதான் பிலிம் மாறத் தொடங்கியது. கருவி ஒருவழியாக நம் நிறத்தைப் பதியக் கற்றுக்கொண்ட காலத்தில், அதை நாமே ஸ்லைடரால் அழிக்கிறோம். பாஸ்போர்ட் படத்துக்கான விதிகூட தோலின் இயல்பான நிறத்தைத்தான் கேட்கிறது. மாநிறத்துக்கு வேண்டியது பக்கத்திலிருந்து வரும் அகலமான வெளிச்சம். நெற்றியிலும் கன்னமேட்டிலும் அது மினுங்கும்போது நிறம் தானே எழும். அதற்குப் பிறகு கம்ப்யூட்டரில் மிஞ்சுகிற வேலை கொஞ்சம்தான்: நிறச்சாயலைச் சரிபார்ப்பது, ஓரத்தை வெட்டுவது, சட்டைக் காலரில் ஒட்டிய நூலை எடுப்பது.