பேர்கன் நகரில் ஒரு பனிக்காலம்

நோர்வே என்றதும் நள்ளிரவுச் சூரியனும் வெண்பனி போர்த்த மலைகளுமே நம் மனக்கண் முன் தோன்றும். சென்ற ஆண்டு தை மாதத்தில், பேர்கன் நகரில் வாழும் என் தமக்கையின் இல்லத்திற்குப் புறப்பட்டபோது நானும் அவற்றையே எண்ணிச் சென்றேன். ஆயினும், திரும்பி வந்த பின்னர் என் நினைவில் முந்தி நிற்பது அவ்வீட்டின் புறச்சுவரோரம் இருந்த ஓர் இரும்புப் பெட்டியே. அதன் கதையை நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றேன்.

பேர்கன் நோர்வேயின் மேற்குக் கரையில், ஏழு மலைகள் சூழ அமைந்த துறைமுகப் பட்டினம். அதன் துறைமுகத்தருகே வரிசையாக நிற்கும் பிறிக்கன் மரவீடுகள் 1979 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டவை. ஆண்டொன்றுக்கு 2,000 மில்லிமீற்றருக்கும் மேலாக அங்கே மழை பெய்கின்றது. அத்திலாந்திக் கடலின் இளஞ்சூடான நீரோட்டம் கரையைத் தழுவிச் செல்வதால், நடுப் பனிக்காலத்திலும் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலும் கீழுமாகவே பெரும்பாலும் ஊசலாடுகின்றது. யாழ்ப்பாணத்து மார்கழி மழையை யாரோ குளிரேற்றியில் வைத்து எடுத்து ஊற்றுவது போலிருந்தது எனக்கு.

முதல் நாள் இரவு நானும் அம்மாவும் முன்னறையில் அமர்ந்திருந்தோம். சுவரின் மேலிருந்த நீண்ட பெட்டியிலிருந்து இதமான சூட்டுக் காற்று வந்துகொண்டிருந்தது. திடீரென அது நின்றது. வெளியே 'உஸ்' என்று ஓர் ஓசை. யன்னலால் எட்டிப் பார்த்தேன். புறத்தே இருந்த பெட்டியிலிருந்து வெண்புகை குபுகுபுவென எழுந்தது!

"அத்தான், நெருப்பு!" என்று கூவிவிட்டேன்.

அக்கா சிரித்தாள். "புகையில்லை, தம்பி, ஆவி. அது தன்மேல் படிந்த பனியை உருக்குகின்றது. பத்து நிமிடத்தில் மறுபடியும் சூடு வரும்" என்றாள்.

அவ்வாறே வந்தது. தொழில்நுட்பம் பயிலும் என் மருமகன் அதன் மர்மத்தை விளக்கினான். "மாமா, உங்கள் வீட்டுக் குளிரேற்றியின் பின்புறம் சுடுவதில்லையா? உள்ளேயுள்ள வெப்பத்தை எடுத்து அது வெளியே தள்ளுகின்றது. இந்த வெப்பப் பம்பியோ வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை எடுத்து வீட்டினுள்ளே தள்ளுகின்றது. குளிர்ந்த காற்றிலும் வெப்பம் உண்டு. ஆனால் அதைப் பறிக்க வேண்டுமானால், வெளிப் பெட்டியிலுள்ள குழாய்ச் சுருள் அந்தக் காற்றிலும் குளிர்ந்திருக்க வேண்டும்."

வெளியே 2 பாகை என்றால், குழாய்ச் சுருள் உறைநிலைக்குக் கீழே சென்றுவிடும். ஈரக் காற்று அதில் பட்டதும், நீராவி உறைபனியாகப் படிகின்றது. சுருளைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளின் இடைவெளிகளை அப்பனி அடைக்க, காற்றோட்டம் குறைகின்றது. காற்றுக் குறையச் சுருள் மேலும் குளிர்கின்றது. குளிரக் குளிர மேலும் பனி படிகின்றது. ஆகவே, பெட்டி இடையிடையே தன் தொழிலை நிறுத்தி, ஒரு வால்வின் உதவியால் ஓட்டத்தைத் திருப்புகின்றது. வீட்டினுள் வந்த வெப்பத்திற் சிறிதளவு சில நிமிடங்கள் வெளியே சென்று பனியை உருக்குகின்றது. நான் கண்ட வெண்புகை அதுவே.

இதுவரை குற்றமொன்றுமில்லை. உருகிய நீர் எங்கே போகும்? அங்கேதான் இடர் பிறக்கின்றது.

நான் செல்வதற்கு முந்திய பனிக்காலத்தில் நிகழ்ந்ததை அக்கா சொன்னாள். பெட்டி நிலத்தை ஒட்டி வைக்கப்பட்டிருந்தது. உருகிய நீர் கீழே சொட்டி உறைந்தது. அடுக்கின் மேல் அடுக்காக வளர்ந்த பனிக்கட்டி, பெட்டியின் அடித்தட்டினுள்ளும் ஏறி, விசிறியைத் தொட்டுவிட்டது. விசிறி கடகடவென்று அலறவே, அத்தான் உளியும் சுத்தியலும் கொண்டு கட்டியை உடைக்கப் போனார். உளி வழுக்கிக் குழாயைத் துளைத்தது; உள்ளிருந்த வாயு சீறிப் போய்விட்டது. திருத்துபவர் வர ஒன்பது நாட்களாயின. அந்தக் குளிரில் அம்மாவுக்கு மார்ச்சளி கண்டு, ஒரு கிழமை மருத்துவமனையில் இருக்க நேர்ந்தது. அன்று முதல் அத்தானுக்கு அந்தப் பெட்டியைக் கண்டாலே ஆகாது. "கழற்றி எறிந்துவிடப் போகிறேன்" என்பார்.

நான் சென்ற ஐந்தாம் நாள் பார்த்தால், பெட்டியின் கீழே பனிக்கட்டி மீண்டும் ஒரு சாண் உயரம் வளர்ந்திருந்தது! அத்தானின் கை சுத்தியலைத் தேடியது. மருமகன் தடுத்துவிட்டு, மின்சாரத்தை நிறுத்தி, வெதுவெதுப்பான நீரை மெல்ல மெல்ல ஊற்றிக் கட்டியைக் கரைத்தான்.

யன்னலோரம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "கூரைத் தண்ணீருக்குப் பீலி வைத்து, முற்றத்தில் வாய்க்காலும் வெட்டித்தானே நாங்கள் வீடு கட்டுகிறோம். இதற்கு மட்டும் ஏன் தண்ணீர் போக வழி விடவில்லை?" என்று கேட்டார்.

அத்தான் பதில் பேசவில்லை. அடுத்த கிழமையே தகுதி பெற்ற ஒரு பணியாளரை அழைத்தார். பெட்டி நிலத்தினின்று முழங்கால் உயரத்துக்கும் மேலாக ஏற்றப்பட்டது. மேலே சிறு கூரையொன்று அமைந்தது. நீர் வடியும் தட்டிலும் குழாயிலும், வழியிலேயே நீர் உறையாதவாறு, சூடேற்றும் மின்கம்பி இடப்பட்டது.

பின்னர் நான் புகைவண்டியேறி ஒஸ்லோவுக்குப் புறப்பட்டேன். 1909 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இப்பாதை, பின்சே என்னும் நிலையத்தில் 1,222 மீற்றர் உயரத்தை எட்டுகின்றது. அதற்கப்பால் கெயிலோ என்னும் மலையூரில் ஓரிரவு தங்கினேன். உறைநிலைக்குக் கீழே 20 பாகை! அங்கேயுள்ள பெட்டிகள் பனிக்குன்றாகியிருக்கும் என்று எண்ணினேன். ஆனால் விடுதிப் பெட்டியின் தகடுகளில் மெல்லிய வெண்பூச்சு மாத்திரமே காணப்பட்டது.

காரணம் எளிது. நீராவி நிறைந்த ஒரு கன மீற்றர் காற்றில், 30 பாகையில் ஏறக்குறைய 30 கிராம் நீர் அடங்கும். உறைநிலையில் ஏறக்குறைய 5 கிராம். உறைநிலைக்குக் கீழே 20 பாகையில் 1 கிராம் அளவே. கடுங்குளிரில் பெட்டி ஈட்டும் வெப்பம் குறைகின்றது என்பது உண்மை. அதனால் விறகடுப்பும் துணைக்கு எரிந்தது. ஆயினும், உறைபனி விரைந்து படிவது பேர்கனின் ஈரக்குளிரிலேயே.

வழியில் டிராமன் நகரையும் கண்டேன். அங்கே 2011 முதல் பெரிய வெப்பப் பம்பிகள் கடற்கழியின் ஆழத்து நீரினின்று வெப்பத்தை எடுத்து, நகரத்துக் கட்டடங்களுக்கு வழங்குகின்றன. பனிக்காலத்திலும் அவ்வாழத்து நீர் 8 பாகை அளவில் இருப்பதால், உறைபனித் தொல்லை அங்கே இல்லை. 1938 இல் சூரிச் நகர மண்டபத்தைச் சூடாக்கியவர்களும் லிம்மத் ஆற்று நீரையே நாடினார்கள். ஆனால் ஆறும் கடற்கழியும் எல்லா வீட்டு வாசலிலும் இருப்பதில்லையே! காற்றை நம்பி வாழ்பவர்கள் பனியோடு பழகத்தான் வேண்டும்.

குளிர்நாடுகளில் உறவினர் உள்ள நேயர்கள் அவர்களுக்கு இதைச் சொல்லலாம்: பெட்டி இடையில் நின்று ஆவி விட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அதன் கீழே பனிக்கட்டி வளர்ந்தால் வாளாவிருத்தல் ஆகாது. உளியை மாத்திரம் எடுக்க வேண்டாம்.

இவ்வாண்டு தையில் அக்காவிடமிருந்து கடிதம் வந்தது. பெட்டியின் கீழே பனிக்கட்டி இல்லையாம். அம்மா சூட்டுக் காற்று வரும் இடத்திலேயே தம் நாற்காலியைப் போட்டிருக்கிறாராம். சூடு நின்று, வந்திருப்பவர்கள் திகைத்துப் பார்த்தால், அம்மாவே முந்திக்கொண்டு, "பயப்படாதேயுங்கோ, அது பனி களைகிறது. இப்போது சூடு வரும்" என்று சொல்கிறாராம்.