மலைச்சாலைக்குக் கான் வேண்டும்

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ் மாவனல்லையைத் தாண்டி மூச்சு வாங்கத் தொடங்கியதும், இந்த எழுபத்தாறு வயதிலும் நான் ஜன்னலோரம் நகர்ந்துகொள்வேன். கடுகண்ணாவை ஏற்றத்தில் பாறையைக் குடைந்த ஒரு வழி வரும். இன்றைய வாகனங்கள் அதற்குப் பக்கத்தால் போகின்றன. பழைய சாலை அந்தப் பாறைக்குள்ளேதான் நுழைந்து போனது. அந்த ஏற்றத்தில்தான் என் அப்பா மராமத்து இலாகாவில் தெருவேலை செய்தார். பள்ளி விடுமுறையில் அவருக்குச் சோறு கொண்டுபோவது என் வேலை.

இந்தச் சாலை சனங்களுக்காகப் போட்டதல்ல, பட்டாளத்துக்காகப் போட்டது.

கண்டி இராச்சியத்துக்கு மலையும் காடும்தான் மதில். பலனைக் கணவாயில் போர்த்துக்கேயர் அடிபட்டுத் திரும்பினார்கள். 1803 இல் கண்டிக்குள் நுழைந்த ஆங்கிலப் படை காய்ச்சலாலும் தாக்குதலாலும் அழிந்தது. 1815 இல் பிரதானிகளுக்கும் அரசனுக்கும் இடையே விழுந்த பிளவால்தான் ஆங்கிலேயருக்குக் கண்டி கிடைத்தது. சிறைப்பட்ட கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் வேலூருக்கு அனுப்பப்பட்டு, 1832 இல் அங்கேயே இறந்தார். பிரதானிகளோடு செய்த உடன்படிக்கையின் வாக்குறுதிகளும் நிலைக்கவில்லை. 1817 இல் ஊவாவில் கிளர்ச்சி வெடித்தது. மறு ஆண்டு அதைக் கொடூரமாக அடக்கினார்கள்.

மலைநாட்டார் ஏன் எழுந்தார்கள் என்று ஆட்சியாளர் கேட்டிருக்கலாம். அவர்கள் கேட்ட கேள்வி வேறு: அடுத்த முறை பட்டாளத்தையும் பீரங்கியையும் எவ்வளவு விரைவாக மேலே கொண்டுபோகலாம்? அதற்கு விடையாக ஆங்கிலேய ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் 1820களில் இந்தச் சாலையைப் போடுவித்தார். திட்டமிட்டவர் பொறியியல் படையைச் சேர்ந்த கப்டன் டோசன். வேலையில் இறக்கப்பட்ட இளம் அதிகாரிகளில் ஒருவரான தோமஸ் ஸ்கின்னருக்கு அப்போது வயது 16தான். பின்னாளில் இலங்கையின் சாலைகளையெல்லாம் தன் பொறுப்பில் வைத்திருந்தவர் அவர்.

மண் வெட்டியதும் கல் உடைத்ததும் யார்? ராஜகாரியம் என்ற பழைய ஊழிய முறையின் பேரில் ஊர்களிலிருந்து வரவழைக்கப்பட்ட குடியானவர்கள். வயலை விட்டுவிட்டு வந்து, தங்களை அடக்கப்போகும் படைக்குத் தாங்களே வழி வெட்டினார்கள். மலையைத் துளைத்து வருகிறவனுக்குத்தான் கண்டி பணியும் என்று ஒரு பழம்பேச்சு இருந்ததாகவும், அதற்காகவே பாறையைக் குடைந்ததாகவும் சொல்வார்கள். 1829 இல் இறந்த டோசனுக்குக் கடுகண்ணாவைக் கணவாயின் உச்சியில் கோபுரம் நிற்கிறது. குடியானவர்களுக்கு ஒரு நடுகல்கூட இல்லை.

ஆனால், போட்டவனின் எண்ணத்தோடு சாலை நின்றுவிடவில்லை. 1832 இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடியது. மலைக் காடுகள் கோப்பித் தோட்டங்களாகின. கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டிகளில் இந்த இறக்கத்தில் இறங்கின. ராஜகாரியம் ஒழிந்த பிறகு தெருவேலைக்கும் தென்னிந்தியாவிலிருந்து ஆள் சேர்த்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழி நடந்து, வழியில் பலரைப் பறிகொடுத்து மாத்தளைக்கு வந்து சேர்ந்த நம் சனங்களின் கதையும் இங்கேதான் சேருகிறது. 1867 இல் ரயில் கண்டியைத் தொட்ட பிறகும் சாலை ஓய்வு பெறவில்லை. இருநூறு வருடமாக அது எப்படி நிற்கிறது? அதற்கான பதிலை நான் புத்தகத்தில் படிக்கவில்லை, அப்பாவின் மண்வெட்டியில் பார்த்தேன்.

மலைச்சாலைக்கு ஒரு பக்கம் மேட்டுச் சுவர், மறுபக்கம் பள்ளம். மேட்டிலிருந்து வரும் தண்ணீரை ஓரத்துக் கான் வாங்கிக்கொள்ளும். கானில் ஓடி வரும் தண்ணீர் மதகு வழியாகச் சாலைக்கு அடியில் புகுந்து பள்ளத்தில் இறங்கும். மழைக்காலத்துக்கு முன்பே அப்பா கானில் கிடக்கும் சருகை வாரி, சேற்றை வழித்து எறிவார். பிறகு மதகின் வாயருகே குந்தி உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார். உள்ளே சலசலப்புக் கேட்டால்தான் எழுந்திருப்பார்.

"தம்பி, மலை ரோட்ட வண்டி ஒடைக்காதுடா, தண்ணிதான் ஒடைக்கும். அதுக்கு வழி விட்டா அது பாட்டுக்குப் போயிரும். அடைச்சா, மண்ணுக்குள்ள எறங்கி உக்காந்துக்கும். மேல காஞ்சிருக்கும், நமக்குத் தெரியாது. அடுத்த மழையில மொத்தமா சரிஞ்சு போகும்."

இதன் பொருள் எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது. அம்மா காலமான பிறகு, வீட்டைப் பிரிப்பதில் எனக்கும் தம்பிக்கும் மனக்கசப்பு. மூத்தவன் என்ற உரிமையில், "முடிஞ்சது முடிஞ்சதுதான், இனிப் பேச ஒண்ணும் இல்ல" என்று அவன் வாயை அடைத்தேன். அவனும் பேசவில்லை. நல்லது கெட்டதுக்கு வந்தான், சாப்பிட்டான், போனான். எல்லாம் சரியாகிவிட்டது என்றே நினைத்தேன். ஏழு வருடம் கழித்து, அவன் மகள் கல்யாணத்துக்கு எனக்குச் சொல்லவில்லை.

கொதித்துப் போய் அப்பாவிடம் சொன்னேன். கண் பார்வை மங்கி, திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "காஞ்சிருக்குன்னு நம்பிட்டியா? மதகுகிட்ட போய்க் குந்தினியா நீ?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் தம்பி வீட்டுக்குப் போனேன். "உன் மனசுல உள்ளதச் சொல்லுடா, நான் குறுக்க பேசமாட்டேன்" என்றேன். முதலில் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். பிறகு பேசத் தொடங்கியவன் விளக்கு வைக்கும் நேரம் வரை பேசினான். அதில் பாதிக்கு மேல் வீட்டைப் பற்றியதே அல்ல. அம்மா கடைசியாக ஆசுபத்திரியில் கிடந்தபோது அவனுக்கு நான் ஆள் அனுப்பாமல் விட்டதைப் பற்றியது. அந்த வருத்தம் அவனுக்குள் இத்தனை வருடம் இறங்கி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. எழுந்தபோது, "அண்ணே, சாப்பிட்டுட்டுப் போ" என்றான்.

பிள்ளைகளே, நாட்டை ஆள்கிறவர்களுக்கும் வீட்டை நடத்துகிறவர்களுக்கும் சட்டம் ஒன்றுதான். பாறையைக் குடையும் பலம் இருந்தால் சாலை போட்டுவிடலாம். அது நிற்க வேண்டுமானால், ஓரத்தில் கான் வெட்டி, வருகிற தண்ணீருக்கு வழி விட வேண்டும். எதிராளியின் வாய் மூடியிருப்பதைச் சமாதானம் என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் நெடுநாளாகப் பேசாமல் இருப்பவர் யார் என்று பாருங்கள். அடுத்த மழைக்கு முன்பே போய், அவர் பக்கத்தில் குந்தி, காது கொடுங்கள்.