காற்றறிந்து பறப்போம்

"காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்" என்பது நம் முன்னோர் வாக்கு. நெற்களத்தில் காற்று உழவனின் தோழன். விமானக் களத்திலோ அது தோழனாகவும் இருக்கும், பகையாகவும் மாறும். எதிர்காலத்தில் என்ன ஆகப்போகிறீர்கள் என்று கேட்டால், எங்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது "விமானி" என்கிறோம். ஆகவே சிறிய பயிற்சி விமானம் தரையைவிட்டு எழும்போது காற்று என்னென்ன செய்யும் என்று சற்றே சிந்திப்போம்.

பட்டம் விடும் சிறுவன் காற்றை எதிர்த்தே ஓடுகிறான். விமானமும் அப்படித்தான். அதைத் தூக்குவது தரையில் ஓடும் வேகமன்று. இறக்கைகளின்மேல் பாயும் காற்றின் வேகமே. எழும்புவதற்கு மணிக்கு 100 கிலோமீட்டர் காற்றோட்டம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், தரையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினால் போதும். அதே காற்று பின்னாலிருந்து வீசினால் 120 வேண்டும். அதற்குள் ஓடுபாதையே தீர்ந்துபோகலாம்! அதனால்தான் விமானி முதலில் கம்பத்து உச்சியில் ஆடும் துணிக்கூம்பைப் பார்க்கிறார்.

பக்கக் காற்று இன்னொரு தொல்லை. பாலத்தின்மேல் சைக்கிளில் போகும்போது நம்மை ஓரத்துக்குத் தள்ளுமே, அதே காற்றுதான். அது விமானத்தின் வாலைத் தள்ளி மூக்கைத் தன் பக்கம் திருப்பும். தன் பக்கத்து இறக்கையையும் தூக்கப் பார்க்கும். பயிற்சிக்குப் பெயர்பெற்ற செஸ்னா 152 இருவர் அமரும் விமானம்; முழுப் பாரத்துடன் அதன் எடை 757 கிலோ. அது சோதித்துக் காட்டப்பட்ட பக்கக் காற்றின் அளவு 12 நாட், அதாவது மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்தான்.

எல்லாவற்றிலும் கொடியது விட்டுவிட்டு வீசும் சூறைக்காற்று. விமானம் எழும்பியவுடன் எதிர்க்காற்று திடீரென ஓய்ந்தால், இறக்கையின்மேல் பாயும் காற்று குறைந்துவிடும். அந்த நேரத்தில் மூக்கை மேலும் உயர்த்தினால் தூக்கும் ஆற்றலே போய்விடும். உயரத்தில் என்றால் மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீட்கலாம். தரைக்கு அருகில் அதற்கு இடம் ஏது?

1996இல் ஜெசிகா டுப்ராஃப் என்ற 7 வயது அமெரிக்கச் சிறுமி, தந்தையோடும் பயிற்சி ஆசிரியரோடும் சிறு விமானத்தில் நாட்டைக் குறுக்கே கடக்கப் புறப்பட்டாள். பத்திரிகைகளெல்லாம் அவளைப் புகழ்ந்தன. ஏப்ரல் 11 காலை, 6,000 அடிக்கு மேல் உயரமுள்ள ஷையன் நகரை இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது. சூறைக்காற்று வீசியது, விமானத்தில் பாரமும் அதிகம். ஆயினும் கிளம்பினார்கள். எழும்பிய சற்று நேரத்தில் விமானம் வேகமிழந்து வீழ்ந்தது. மூவரும் மாண்டனர். அந்த வானிலையில் புறப்பட ஆசிரியர் எடுத்த முடிவே காரணம் என்றும், பயணத் திட்டத்தைக் காப்பாற்றும் ஆசையும் அதற்குத் துணைபோனது என்றும் விசாரணை கூறியது. உரிமம் இல்லாதவர் சாதனைக்காக விமானத்தை இயக்கக்கூடாது என்று அவ்வாண்டே அங்குச் சட்டமும் வந்தது.

ஏழு வயது! எங்களில் பலர் புதுநன்மைக்கு மன்றாட்டுகளை மனப்பாடம் செய்த வயது. அச்சிறுமியிடம் துணிவுக்குக் குறைவில்லை. "இன்று வேண்டாம், மழை ஓயட்டும்" என்று சொல்லும் துணிவுதான் உடனிருந்த பெரியவர்களிடம் இல்லாமற் போயிற்று.

தோழியரே, நாமும் உயரப் பறப்போம். எதிர்க்காற்றைக் கண்டு அஞ்ச வேண்டாம். அது நம்மைத் தூக்கும். ஆனால் புயல் வரும்போது காத்திருப்பது கோழைத்தனமன்று. பதறாத காரியம் சிதறாது. எங்களை வேகமாய் முன்னேறச் சொல்லும் அன்புள்ள பெற்றோரே, காத்திருக்க வேண்டிய நாளில் காத்திருக்கவும் எங்களுக்குக் கற்றுத்தாருங்கள்.